இன்கான்டினென்ஷியா பிக்மென்டி என்ற மரபணு நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோர் யாரேனும் இருக்கிறீர்களா?

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு மாதம் ஆகிறது. பிறந்த மூன்றாம் நாள் வலது காலில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வரிசையாக எழும்பின. கிருமித்தொற்று என்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அம்மை என்று நினைத்து மாமியார் வாசலில் வேப்பிலை செருகினார். கொப்புளங்கள் காய்ந்து, மரு போலத் தடித்து, அவையும் உதிர்ந்துவிட்டன. இப்போது இடுப்பிலிருந்து தொடை வரை பழுப்பு நிறத்தில் சுழிசுழியாகக் கோடுகள், ஈரக் கோலத்தை யாரோ விரலால் இழுத்துவிட்டதுபோல. தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சி சோதனைக்குப் பிறகுதான் நோயின் பெயரே தெரிந்தது.

எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஐகேபிகேஜி மரபணுவில் ஏற்படும் மாற்றம் இது. பெரும்பாலும் பெண் குழந்தைகளிடமே காணப்படுகிறது, தொற்றாது. கோடுகள் வளர வளர மங்கிவிடுமாம். நிறத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. விழித்திரையின் ரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்டால் பார்வை போய்விடலாம் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

உங்கள் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனையை எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த வயது வரை செய்தீர்கள்? லேசர் சிகிச்சை தேவைப்பட்டதா? வலிப்பு வந்ததா? பற்கள் தாமதமாகவோ கூம்பு வடிவிலோ முளைத்தனவா? எனக்கே மேல்வரிசையில் இரண்டு பற்கள் முளைக்கவில்லை. இத்தனை வருடம் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. இப்போது எனக்கும் மரபணுச் சோதனை செய்யச் சொல்கிறார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து ரத்த மாதிரியை எங்கே அனுப்பினீர்கள், எவ்வளவு செலவானது?

களிம்பு, நாட்டு மருந்து எதுவும் சொல்ல வேண்டாம். இதைக் கடந்து வந்தவர்கள் இரண்டு வரி எழுதினாலும் போதும்.