புதுப்பிப்பு: அப்பாவின் டயாலிசிஸ் குழாய் விரிசல்

வயிற்று வழி டயாலிசிஸ் செய்யும் அப்பாவின் கதீட்டரில் (வயிற்றிலிருந்து வெளியே வரும் சிலிக்கான் குழாய்), டைட்டானியம் இணைப்பானை ஒட்டி விரிசல் விழுந்து திரவம் கசிகிறது, முழுதாக மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தேன். மாற்றவில்லை, பழுதுபார்த்தாயிற்று.

உடலுக்கும் விரிசலுக்கும் நடுவே உடனே கிளாம்ப் (குழாயை இறுக்கி மூடும் கவ்வி) போட்டதுதான் முக்கியமாம். மருத்துவமனையில் கிருமிநீக்கம் செய்து, விரிசலுக்கு உடல் பக்கமாகக் குழாயை வெட்டி, புது இணைப்பானும் புது டிரான்ஸ்ஃபர் செட்டும் (கதீட்டரைத் திரவப் பையோடு இணைக்கும் குழாய்) மாட்டினார்கள். வெளியே போதுமான நீளம் மிச்சமிருந்ததால் முடிந்தது. தோலை ஒட்டி விரிசல் விழுந்திருந்தால் அறுவை சிகிச்சை வரை போயிருக்கும். வயிற்றுத் திரவத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். திரவம் கலங்கினாலோ வயிறு வலித்தாலோ காத்திருக்காமல் வரச் சொன்னார்கள்.

விரிசலைச் சூப்பர் குளூ வைத்து ஒட்டலாம் என்று யோசனை சொன்ன அண்ணாச்சிக்கு: வேண்டவே வேண்டாம். சிலிக்கானில் அது ஒழுங்காகப் பிடிக்காது, கிருமி நேராக வயிற்றுக்குள் போகும்.

காரணம்? தினமும் ஒரே இடத்தில் கிளாம்ப் போட்டால் குழாய் நைந்துபோகும் என்றார் நர்ஸ். பல் உள்ள கிளாம்பும் கத்தரியும் பக்கத்திலேயே வரக்கூடாதாம். குழாய் குட்டையானதால், அதைப் பிடித்துவைக்கும் பெல்ட்டைச் சற்று இறக்கிக் கட்டுகிறார் அப்பா, அதில்தான் கொஞ்சம் முணுமுணுப்பு.