மாலி-400: நேரம் ஆக ஆக அசைவு திக்குகிறது, லிமா இயக்கியில் திருத்த முடியுமா?

கேள்வி
வணக்கம். மாலி-400 வரைகலைச் செயலியைக் கொண்ட ஆல்வின்னர் எச்3 சில்லுள்ள சிறு பலகை ஒன்றில், எங்கள் ஊர் நூலகத்துக்காக அறிவிப்புத் திரை அமைத்திருக்கிறேன். பலகையோடு வந்த பழைய லினக்ஸ் கர்னலையும் (இயங்குதளத்தின் கரு) மூலநிரல் இல்லாத இயக்கியையும் நீக்கிவிட்டு, லினக்ஸின் முதன்மைக் கர்னலுக்கும், மெசா என்ற திறந்த மூல வரைகலைத் தொகுப்பிலுள்ள மாலி இயக்கியான லிமாவுக்கும் மாறினேன். கீழே ஓடும் எழுத்துப்பட்டை தொடக்கத்தில் சீராக நகர்கிறது. இரண்டொரு நிமிடங்களில் திக்கத் தொடங்கி, கால் மணி நேரம் கடந்தபின் நொடிக்கு ஒருமுறை மட்டும் தாவுகிறது. இதே நிரல் மடிக்கணினியில் நாள் முழுதும் பழுதின்றி ஓடுகிறது. இது இயக்கியின் பிழையென்றால் திருத்துவதில் பங்கேற்க விரும்புகிறேன்.

பதில் 1
நொடிக்கணக்கை ஃபிராக்மென்ட் ஷேடருக்கு (ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்) யூனிஃபார்மாக, அதாவது எல்லாப் பிக்சல்களுக்கும் பொதுவான மதிப்பாக, அனுப்புகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மாலி-400இல் வெர்டெக்ஸ் வேலையை, அதாவது வடிவங்களின் முனைகளுக்கான கணக்கை, செய்யும் ஜிபி என்ற பகுதி 32 பிட் மிதவைப்புள்ளியில் கணக்கிடுகிறது. பிக்சல்களுக்கு நிறமிடும் பிபி என்ற பகுதியோ 16 பிட்டில்தான் கணக்கிடும். அந்த 16 பிட்டில், எண் 64ஐத் தாண்டினால் அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையே 1/16 இடைவெளி விழுகிறது. 1024ஐத் தாண்டினால் அது 1 ஆகிவிடும். 1024 நொடி என்பது 17 நிமிடம். நீங்கள் கண்ட தாவல் அதுதான். வன்பொருளில் இல்லாத துல்லியத்தை எந்த இயக்கியாலும் தர முடியாது. நகர்வை வெர்டெக்ஸ் ஷேடரில் கூட்டி, வேரியிங்காக (வெர்டெக்ஸ் ஷேடரிலிருந்து ஃபிராக்மென்ட் ஷேடருக்குப் போகும் மதிப்பு) அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. முதலில் சிபியுவிலேயே நேரத்தை 0 முதல் 1 வரை மடித்து அனுப்பினேன்; திக்கல் நின்றது, ஆனால் ‘ழ’வின் வளைவுகள் பிசிறடித்தன. கூட்டலையும் வெர்டெக்ஸ் ஷேடருக்கு மாற்றியபின் எழுத்துகள் தெளிவாகிவிட்டன.

பதில் 2
அந்தப் பிசிறுக்கும் காரணம் உண்டு. வேரியிங்கை எந்தக் கணக்குக்கும் உட்படுத்தாமல் நேரே டெக்ஸ்ச்சர் ஆயமாக (எழுத்துப் படத்தின் எந்த இடத்தை எடுப்பது என்று காட்டும் எண்) கொடுத்தால், அது 16 பிட்டுக்குச் சுருங்காமல் கூடுதல் துல்லியத்தோடு போய்ச் சேர்கிறது. ஃபிராக்மென்ட் ஷேடரில் ஒரே ஒரு கூட்டல் செய்தாலும் அந்தச் சலுகை போய்விடும்.

ஆனால் பங்கேற்கும் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடாதீர்கள். லூக் வெர்ஹேகன் 2012இல் அறிவித்த லிமா, இடையில் தேங்கி, சியாங் யூவின் முயற்சியால் மீண்டெழுந்து 2019இல்தான் கர்னல் 5.2இலும் மெசா 19.1இலும் சேர்ந்தது. விற்பனையாளர் கைவிட்ட பலகைகளுக்கு உயிர் கொடுப்பது இத்தகைய உழைப்பே என்பதால், உங்கள் பலகையில் வரைகலை இயக்கிகளைச் சோதிக்கும் பிக்லிட் தொகுப்பின் சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். ஏதேனும் ஒரு ஷேடர் தொகுக்கப்படாமல் நின்றால், லிமா_டீபக் என்ற சூழல் மாறியில் ‘பிபி’ என்று இட்டு, தொகுப்பியின் வெளியீட்டைச் சேமியுங்கள். பிறகு அந்த ஷேடரை வரிவரியாக வெட்டி, பிழை இன்னும் எழும் மிகச் சிறிய வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். “திரை சரியில்லை” என்ற புகாரை எடுத்து ஆராய ஒருவருக்கு வார இறுதி முழுதும் போய்விடலாம். பத்து வரி ஷேடரோடு வரும் புகாரை அன்றே பார்க்க ஆள் கிடைக்கும்.