இடை ஓய்வு நீண்டால் லாக்டேட் அளவு மாறுமா?

செராஸ் கயல்:
என் தம்பி அரை மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறான். ஓடும்போது தசை உண்டாக்கி இரத்தத்தில் கலக்கும் லாக்டேட்டை இரண்டு விதமாகச் சோதித்தோம். முதலாவது டிரெட்மில்லில்: மூன்று நிமிடம் ஓட்டம், காது மடலில் இரத்தம் எடுக்க 30 வினாடி நிறுத்தம், பிறகு மணிக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டி அடுத்த கட்டம். லாக்டேட் லிட்டருக்கு 4 மில்லிமோலை (உடல் தாங்கும் எல்லை என்று பலரும் சொல்லும் அளவு) தொட்டபோது வேகம் மணிக்கு 13.5 கிலோமீட்டர். இரண்டாவது புக்கிட் ஜாலில் ஓடுதளத்தில்: 1200 மீட்டர் ஓட்டங்கள், நடுவில் மூன்று நிமிட ஓய்வு. அதே 4 மில்லிமோல் இங்கே 14.4-இல்தான் வந்தது. தம்பிக்கு ஒரே பூரிப்பு. கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 10 வினாடி என்ற அந்த வேகத்திலேயே பந்தயத்தையும் ஓடப்போவதாகச் சொல்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. எதை நம்புவது?

மெர்போக் மாறன்:
கயல், அந்த வேகத்தில் 21 கிலோமீட்டர் ஓட அவனை விடாதீர்கள்.

தசை உண்டாக்கும் லாக்டேட்டில் உடல் செலவழித்தது போக மிஞ்சியதைத்தான் கருவி காட்டுகிறது. ஓய்விலும் அந்தச் செலவு நிற்பதில்லை. இதயமும் மற்றத் தசைகளும் லாக்டேட்டை எரிபொருளாக எடுத்துக்கொண்டே இருக்கின்றன. மூன்று நிமிடம் கொடுத்தால், முந்தைய ஓட்டத்தின் பாரத்தில் ஒரு பங்கை இறக்கிவிட்டுத்தான் அடுத்தது தொடங்கும். நார்வே ஓட்டக்காரர்கள் ஆயிரம் மீட்டர் ஓட்டங்களுக்கு நடுவே ஒரு நிமிடம் போல ஓய்வு வைப்பது இதற்காகவே: கால் வேகமாக ஓடும், லாக்டேட் எல்லை மீறாது. பயிற்சிக்கு அருமையான வழி. ஆனால் பந்தயத்தில் அந்த ஒரு நிமிடத்தை யார் தருவார்கள்?

இரத்தம் எடுத்த நேரத்தையும் கேட்கிறேன். மேலே ஹுலு கிளாங்கில் மழை விட்ட பிறகும் கீழே கோலாலம்பூர் மஸ்ஜித் ஜாமெக் அருகே ஆற்று நீர் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். கடும் ஓட்டத்துக்குப் பிறகு லாக்டேட்டும் அப்படித்தான். தசையிலிருந்து இரத்தத்துக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். முழு மூச்சாக ஓடிய குறுகிய ஓட்டம் என்றால் உச்சம் வர மூன்று முதல் எட்டு நிமிடம்கூட ஆகலாம். மெதுவான கட்டங்களில் நிலைமை வேறு, நின்றதும் இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே ஒரு முறை 20-ஆம் வினாடியிலும் மறுமுறை இரண்டாம் நிமிடத்திலும் எடுத்த எண்களை ஒரே வரைபடத்தில் போடக் கூடாது. தம்பி ஓய்வில் நின்றானா, நடந்தானா? மெதுவாக ஓடிக்கொண்டிருந்தால் லாக்டேட் இன்னும் விரைவாகக் குறையும்.

13.5-ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். இரத்தத்தில் அளவு நிலைபெற மூன்று நிமிடம் பல வேளைகளில் போதாது. அந்த எண்ணும் சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

என் யோசனை: மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் 30 நிமிடம் நிற்காமல் ஓடட்டும். 10-ஆம் நிமிடத்திலும் 30-ஆம் நிமிடத்திலும் மட்டும் இரத்தம் எடுங்கள். இடையில் ஏறியது 1 மில்லிமோலுக்குள் இருந்தால் அந்த வேகத்தை உடல் தாங்குகிறது என்று பொருள். வேறொரு நாளில் 13.4 முயலலாம். எல்லோருக்கும் 4 மில்லிமோல்தான் எல்லை என்பதும் கிடையாது. சிலருக்கு 3-க்குக் கீழே, சிலருக்கு 5-க்கும் மேலே.

பங்சார் ரேவதி:
மாறன் அண்ணன் சொன்னதோடு ஒன்று. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காது மடல் வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கும். வியர்வையில் லாக்டேட் நிறைய உண்டு. ஒரு துளி கலந்தாலே எண் எகிறிவிடும். மடலை நீரால் துடைத்து, நன்கு உலர்த்தி, முதல் சொட்டை வழித்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். முதல் நாள் சோறு குறைவாகச் சாப்பிட்டிருந்தாலோ கடுமையாக ஓடியிருந்தாலோ சோதனையைத் தள்ளிப்போடுங்கள். தசையில் மாவுச்சத்து குறைந்தால் லாக்டேட்டும் குறைவாகவே காட்டும். தம்பி அதையும் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வான்.

செராஸ் கயல்:
நன்றி அண்ணா, நன்றி ரேவதி. ஓய்வில் அவன் நடந்துகொண்டுதான் இருந்தான். இரத்தம் எடுத்தது ஓய்வின் கடைசியில், அடுத்த ஓட்டத்துக்குச் சற்று முன்பு. சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் அந்த 30 நிமிட ஓட்டத்தை வைத்துக்கொள்கிறோம். இரண்டு எண்களையும், எத்தனையாவது வினாடியில் எடுத்தோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.