பாட்டி மண்டபத்துக்கு ரேக்கு

வித்யா: பாட்டியோட மர சாமி மண்டபத்துல தங்கம் உரிஞ்சு கிடக்கு. ஆவணி கிரகப்பிரவேசத்துக்குள்ள நானே ரேக்கு, அதான் மெல்லிசான தங்கத் தாள், ஒட்டலாமா?

மன்னார்குடி அத்தை: மண்டபம் உன்கிட்டயா இருக்கு?

கார்த்தி: தங்கக் கலர் ஸ்ப்ரே, பத்தே நிமிஷம்

கும்பகோணம் சித்தப்பா: வேண்டாம் கார்த்தி, பெயின்ட் பெயின்ட்டாத்தான் தெரியும். வித்யா, செதுக்கல் இடுக்குல பச்சைக் களிம்பு இருக்கா பாரு. இருந்தா பித்தளை ரேக்கு.

வித்யா: களிம்பு இல்ல. உச்சியில இருக்கற கும்பம் பளிச்சுனு இருக்கு. நாலு தூணும் மொத்தமா போச்சு. ஒவ்வொண்ணும் 45 செ.மீ. உயரம், சுற்றளவு 12 செ.மீ. ஒரே எண்ணெய்ப் பிசுக்கு

கும்பகோணம் சித்தப்பா: அப்ப கும்பத்தைத் தொடாதே, உப்புத்தாள் பட்டா அசல் தங்கம் போயிடும். தூணை டர்பன்டைன் துணியால துடை, துணி வெள்ளையா வர்ற வரைக்கும். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தா ரேக்கு தோலா உரியும். அப்புறம் 120, 220 நம்பர் உப்புத்தாள். உடைஞ்ச இடத்துக்குச் சீமைச்சுண்ணாம்புப் பொடியும் அரபிப் பசையும் குழைச்ச மக்கு. காஞ்சதும் 400. மேல செங்காவிப் பூச்சு, கீறல் விழுந்தாலும் உள்ளே சிவப்பு தெரிஞ்சா அழகு. அதுக்கு மேல அரக்கு பாலிஷ் ரெண்டு கோட்டு, இல்லேன்னா மரம் பசையைக் குடிச்சிடும்.

திருவாரூர் பெரியப்பா: சம்பா நாத்து விட்டாச்சா யாராவது?

மன்னார்குடி அத்தை: தஞ்சாவூர்ப் படத்துக்கு ஒட்டுற ரேக்கு போதாதா?

கும்பகோணம் சித்தப்பா: அது தடிமன் அக்கா, கத்தரியில வெட்டுற மாதிரி. வளைவுல படியாது. மெல்லிசு வாங்கணும், 80 மி.மீ. சதுரம், புத்தகத்துக்கு 25 தாள். தூண் பரப்பு 2,160 ச.செ.மீ. ஓரம் ஏறி ஒட்டுறதைக் கழிச்சா ஒரு தாளுக்கு 56. 39 தாள் ஆகும், சேதாரத்தோட 2 புத்தகம். உருளைக்குக் காகிதத்துல ஒட்டி வர்ற வகை, பூ வேலைக்கு உதிரி.

கார்த்தி: பசை?

கும்பகோணம் சித்தப்பா: கோல்டு சைஸ், மெல்லிசா ஒரே பூச்சு. பதமாக 3 மணி நேரம்னு டப்பாவுல போட்டிருந்தாலும் கடிகாரத்தை நம்பாதே. விரல் முட்டியை வச்சு எடு. 'டிக்'னு சத்தம் கேக்கணும், முட்டியில பசை வரக்கூடாது. ஈரத்துல வச்சா தங்கம் முங்கி மங்கிடும், ரொம்பக் காஞ்சா பிடிக்காது. ஒரு தூணுக்குப் பூசி, ஒட்டி முடிச்சுட்டு அடுத்தது. ஃபேன் கண்டிப்பா நிறுத்தணும்.

வித்யா: ஓட்டை விழுந்தா?

கும்பகோணம் சித்தப்பா: பசை பிடிப்பா இருக்கறப்பவே துண்டை வச்சு மென்மையான பிரஷ்ஷால அமுக்கு. மறுநாள் ஒட்டாத துணுக்கைத் தட்டி எடுத்துச் சேர்த்து வை, வீணாக்காதே. அசல் தங்கத்துக்கு வார்னிஷ் வேண்டாம், ஒளி செத்துடும். பித்தளை ரேக்குன்னா வார்னிஷ் இல்லாம கறுக்கும்.

திருவாரூர் பெரியப்பா: அந்த மண்டபம் எனக்குன்னு அம்மா சொன்னது, ஞாபகம் இருக்கட்டும்

மன்னார்குடி அத்தை: அண்ணா, விசேஷம் முடியட்டும். சமையலுக்கு எத்தனை பேர்னு சொல்லுங்க

வித்யா: பெரியப்பா, நேர்ல பேசலாம். சித்தப்பா, சனிக்கிழமை வர்றீங்களா?

கும்பகோணம் சித்தப்பா: பாக்கறேன்மா. அதுக்குள்ள வேண்டாத பலகை ஒண்ணுல பித்தளைத் தாள் ஒட்டிப் பழகு. அந்த 'டிக்' காதுக்குப் பழகணும்.

மன்னார்குடி அத்தை: 150 இலை போதுமா?