வீட்டிலேயே துப்பாக்கி செய்யும் தற்சார்பு நமக்குப் பொருந்துமா?

கேள்வி (லேத் பட்டறை, வியாசர்பாடி):
பேரிடருக்கு முன்னேற்பாடாக இருக்க விரும்பும் அமெரிக்கர்களில் சிலர், சொந்தப் பயன்பாட்டுக்கான துப்பாக்கியைத் தாங்களே செய்துகொள்வதைத் தற்சார்பாகக் கருதுகிறார்கள். லேத் ஓட்டத் தெரிந்த நாமும் செய்யலாமா ஐயா?

பதில் (வழக்கறிஞர், தண்டையார்பேட்டை):
கூடவே கூடாது தம்பி. அங்கே 1968ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம், தொழிலாகத் தயாரித்து விற்பவரிடம்தான் உரிமம் கேட்கிறது. சில மாநிலங்கள் கூடுதலாகக் கட்டுப்படுத்துகின்றன. இங்கே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உதிரிபாகமும் அதைச் செய்யும் இயந்திரமும்கூட ஆயுதம் என்ற வரையறைக்குள் வரும். உரிமமின்றித் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தபட்சமே 7 ஆண்டு சிறை. ஆயுள் வரை நீளலாம்.

பதில் (எண்ணூர்):
2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த நீர் வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடாகப் படிந்தபோது, எங்களுக்குத் தேவைப்பட்டவை குடிநீரும், படகு எஞ்சினைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளும்தான். தேய்ந்த ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் அடிபம்பின் ராடையும் கடைந்து கொடுங்கள் அண்ணே, அதுதான் எங்களுக்குத் தற்சார்பு.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. எண்ணூர்த் தம்பி, பழைய ஷாஃப்ட் ஒன்றை மாதிரிக்குக் கொண்டுவாருங்கள்.