43 ரூபாய் ராகி 960 ரூபாய் ஆவது எப்படி?

பாலக்கோட்டுக்காரி:
எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மானாவாரி. ஆடியில் ராகி விதைத்து கார்த்திகைக் கடைசியில் அறுப்போம். 2024-25க்கு அரசு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,290 ரூபாயாக இருந்தது, கிலோ 43 ரூபாய் கூட வரவில்லை. வண்டி வாடகை கட்டாது என்று அம்மா அதற்கும் குறைவாக வியாபாரியிடமே போட்டுவிட்டார்.

போன வாரம் தம்பி குழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச ஓசூரில் ஒரு பெரிய கடையில் ராகி மால்ட் வாங்கினேன். காக்கிப் பை, சணல் கயிறு முடிச்சு, முன்னால் ஒரு பாட்டி படம். "பாரம்பரிய முளைகட்டிய ராகி, குளூட்டன் இல்லை, கொலஸ்ட்ரால் இல்லை." 250 கிராம் 240 ரூபாய், அதாவது கிலோ 960. அம்மா பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம கேவுரா இது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இதில் நிஜமாகவே என்ன கூடியிருக்கிறது? எது வெறும் பைக்காக?

ஓசூர் லைன் சேல்ஸ்:
சகோதரி, உணவுப் பொருள் கம்பெனி ஒன்றுக்காக ஏழு வருஷம் கடை கடையாகச் சரக்கு போட்டவன் நான். ஒரே மில்லில் அரைத்த ஒரே மாவு எங்களிடம் இரண்டு பையில் வரும். பிளாஸ்டிக் கவரில் ஒரு கிலோ, கீழ்த்தட்டு. காக்கிப் பையில் கால் கிலோ, கண்ணுக்கு நேரான தட்டு. கிலோ 960 என்று போட்டிருந்தால் யாரும் தொட மாட்டார்கள். 240 என்றால் கை போகும், அதற்குத்தான் கால் கிலோ. அந்த வேலையை நானே செய்தேன், இன்றும் மனசு உறுத்துகிறது.

ராகியில் குளூட்டன் என்றைக்கும் கிடையாது. செடியில் விளையும் எதிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ராகியின் நிஜப் பெருமை சுண்ணாம்புச் சத்து, 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு. அது உங்கள் அம்மா போட்ட மூட்டையிலும் அப்படியே இருந்தது.

பையின் பின்பக்கம் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் சேர்மானங்களில் முதலில் எழுத வேண்டும். எம்.ஆர்.பி. பக்கத்தில் கிராமுக்கு எத்தனை காசு என்றும் இருக்கும்.

பென்னாகரம் குழு அக்கா:
பைக்குக் காசு வாங்குகிறார்கள் என்பது சரிதான் தம்பி. ஆனால் முளைகட்டுவது சும்மா இல்லை. கல் மண் போகப் புடைத்து, ராத்திரி ஊறவைத்து, வெள்ளைத் துணியில் மூட்டை கட்டித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் எங்களுக்கு ஒரு மூட்டை முழுக்க நாறிப்போய் மாட்டுக்குப் போட்டோம். பிறகு நிழலில் காயவைத்து, வறுத்து, அரைத்துச் சலித்தால் 10 கிலோவுக்கு எட்டரை நிற்கும். முளைகட்டினால் இரும்புச் சத்தும் உடம்பில் நன்றாகச் சேரும். ஆறு பேர் கூலியையும் சேர்த்து கிலோ 220க்குத் தருகிறோம். அந்த உழைப்புக்கு விலை கேட்பதைத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள்.

பாலக்கோட்டுக்காரி:
பின்பக்கம் பார்த்தேன். முதல் பெயர் சர்க்கரை. ராகி 38 சதவீதம்தான். ஒன்பது மாதக் குழந்தைக்கு இதையா கொடுத்தேன் என்று வயிறு கலங்கிவிட்டது. கொலஸ்ட்ரால் இல்லை என்று அவ்வளவு பெரிதாகப் போட்டவர்கள் இதையும் முன்னாலேயே போட்டிருக்கலாமே.

வருகிற அறுப்பில் இருபது கிலோ விற்காமல் வைக்கச் சொல்லிவிட்டேன். அக்கா, எங்கள் ஊர் மில்லில் கோதுமைதான் அதிகம் அரைக்கிறார்கள். அது கலக்காமல் இருக்க என்ன செய்வது?

பென்னாகரம் குழு அக்கா:
காலையில் மில் திறந்ததும் முதல் ஆளாகப் போ கண்ணு. முதலில் ஒரு படி சாதா ராகி போட்டு ஓட்டச் சொல், அந்த மாவு மாட்டுக்கு. அப்புறம் உன்னுடையதைப் போடு. அரைத்த சூட்டோடு டப்பாவில் அடைத்துவிடாதே, பேப்பரில் பரப்பி நன்றாக ஆறட்டும்.