'செவிமுன்றில்-விழி அனிச்சை' வேண்டாம், 'விழியீடு' போதும்

அண்ணாச்சிக்கும் குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

தலை அசையும்போது பார்வை கலங்காமல் கண் தானாக எதிர்ப்பக்கம் திரும்புவதை ஆங்கிலத்தில் வெஸ்டிபுலோ ஆக்குலர் ரிஃப்ளெக்ஸ் என்கிறார்கள். அதற்கு அண்ணாச்சி சொன்ன 'செவிமுன்றில்-விழி அனிச்சை' சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் இருக்கிறது. முன்றில் (வீட்டு முற்றம்) என்ற பழஞ்சொல்லைத் தேடி எடுத்து வந்ததும் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனாலும் அதை நம் கலைச்சொல் அகராதியில் ஏற்ற வேண்டாம் என்றுதான் சொல்வேன். சேதி எந்த உறுப்பில் கிளம்புகிறது என்பதை வைத்து அந்தச் சொல் கட்டப்பட்டிருக்கிறது, ஆனால் முதுகெலும்பிகள் வளர வளர அந்த வழியே மாறிப்போகிறது, வேலைதான் மாறாமல் இருக்கிறது. அதனால் வேலைக்கே பெயர் வைத்துவிடலாம். என் பரிந்துரை 'விழியீடு'.

வேலை எது என்று பார்க்க இந்த மடலே போதும். போனைக் கையில் பிடித்து இடமும் வலமுமாக வேகமாக ஆட்டினால் எழுத்து கலங்கிவிடும். போனை அசைக்காமல் தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள், வாசிக்க முடியும். தலை வலப்பக்கம் போன அளவுக்குக் கண் இடப்பக்கம் போய் ஈடுகட்டுகிறது. தலை திரும்புவதை உணரும் உள்காதின் அரைவட்டக் குழல்களிலிருந்து கண் தசை வரைக்கும் இடையில் மூன்றே நரம்பணுக்கள், அதனால்தான் ஏறத்தாழ 10 மில்லிநொடியில் காரியம் முடிகிறது. கண்ணில் விழும் படம் நகர்வதைப் பார்த்து அப்புறம் சரிசெய்யலாம் என்றால் எழுபது எண்பது மில்லிநொடி ஆகிவிடும், அதற்குள் தலை வேறெங்கோ போயிருக்கும்.

இனி குட்டிப் பருவத்துக்கு வருவோம். வரிக்குதிரை மீன் குஞ்சு, முட்டை கருவுற்ற மூன்று நான்கு நாளிலேயே, உடம்பு சாய்ந்தால் கண்ணைத் திருப்பி ஈடுகட்டிவிடும். அந்த வயதில் அதற்கு உதவுவது செவிக்கல், சாய்வை உணர உள்காதில் இருக்கும் சிறு கல். (கத்தாளை மீன் தலையை உடைத்துச் சாப்பிட்டவர்களுக்கு அந்த வெள்ளைக் கல் நன்றாகவே தெரியும், பல்லில் படும்.) அரைவட்டக் குழல்களும் அவற்றின் நரம்பு இணைப்புகளும் அப்போதே இருக்கின்றன, ஆனால் குழல் அத்தனை ஒடுக்கம், உள்ளே இருக்கும் நீர் தலை திரும்பும்போது போதிய அளவு நகராது. மீன் வளர்ந்து குழல் பருத்த பிறகு, 35 நாள் வாக்கில்தான், தலைத் திருப்பத்துக்கான ஈடு தொடங்குகிறது. நரம்பு எப்போதோ தயார், குழாயின் அளவுக்காகக் காத்துக் கிடக்கிறது என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகான செய்தி.

தலைப்பிரட்டையில் இன்னும் விசேஷம். ஆப்பிரிக்க நகத்தவளையின் தலைப்பிரட்டை வாலை அடித்து நீந்தும்போது தலை இடமும் வலமும் ஆடுகிறது, கண் எதிர்ப்பக்கம் போகிறது. சேதி காதிலிருந்து வருவதில்லை. வாலை அசைக்கச் சொல்லும் தண்டுவடமே அந்த உத்தரவின் நகலைக் கண் தசைக்கான நரம்புகளுக்கு நேராக அனுப்பிவிடுகிறது, அந்த நேரத்தில் கிடைமட்டக் குழலின் சேதி அடக்கியும் வைக்கப்படுகிறது. 2012இல் வெளிவந்த ஆய்வு இது. கால் முளைத்து வால் போனதும் கணக்கும் மாறுகிறது: தவளை இரண்டு காலையும் உதைத்து முன்னால் பாயும், அதனால் இரு கண்ணும் ஒரே பக்கம் போவதற்குப் பதில் மூக்கை நோக்கிக் குவிகின்றன. இதில் செவியும் இல்லை, முன்றிலும் இல்லை. தூண்டல் வந்து அதற்குப் பதில் செய்வது இல்லை என்பதால் பள்ளிப் பாடத்தில் வரும் அனிச்சைச் செயலும் இல்லை. ஆனால் ஈடு இருக்கிறது.

உவரிப் பக்கம் வலையில் வருகிற நாக்கு மீனையும் நினைத்துப் பாருங்கள். அந்த வகைத் தட்டை மீன்கள் எல்லாமே குஞ்சில் மற்ற மீன் மாதிரி நிமிர்ந்துதான் நீந்தும், பக்கத்துக்கு ஒரு கண். அப்புறம் ஒரு கண் மண்டையைச் சுற்றி மறுபக்கம் ஏறிவிட, மீன் ஒருக்களித்து மணலில் படுத்துவிடுகிறது. கண் இடம் மாறினாலும் உள்காது மண்டைக்குள் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆகவே கிடைமட்டமாக இருந்த குழல் இப்போது செங்குத்து. 1983இல் ஆய்வாளர்கள் வெர்னர் கிராஃபும் ராபர்ட் பேக்கரும் காட்டியது என்னவென்றால், கிடைமட்டக் குழலின் சேதியை வாங்கும் நரம்பணுக்கள் கண்ணை மேலும் கீழும் ஆட்டும் தசைகளுக்கான நரம்பணுக்களோடு புதிதாக இணைப்புப் போட்டிருக்கின்றன. உடம்பு புரண்டது, கம்பி மாறியது, ஈடு தவறவில்லை.

தென்காசி டாக்டர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்: ஈடு என்றால் அடமானம் இல்லையா என்று. ஆமாம், ஆழ்வார்திருநகரிப் பக்கம் திருவாய்மொழி உரைக்கும் ஈடு என்றுதான் பெயர், நம் வீடுகளில் காலையில் ஒரு ஈடு இட்லி இறக்கியாயிற்றா என்றும் கேட்கிறோம். யாரும் குழம்புவதில்லை. முன்னால் 'விழி' நின்றுவிட்டால் இங்கேயும் குழப்பம் வராது, அதோடு ஈடுகட்டுதல் என்ற வினை கடைக்காரர் வரை எல்லார் வாயிலும் இருக்கிறது. வகை பிரிக்கவும் எளிது: செவிவழி விழியீடு, காட்சிவழி விழியீடு, தண்டுவட விழியீடு. காட்சிவழி ஈட்டைப் பார்க்க வேண்டும் என்றால் செங்கோட்டை பாசஞ்சரில் எதிர் ஜன்னலோரம் இருப்பவரின் கண்ணைக் கவனியுங்கள். மரங்களோடு மெல்ல நகரும், சட்டென்று திரும்பி வரும், மறுபடி நகரும். அந்தச் சட்டென்ற பாய்ச்சலுக்குச் சங்கரன்கோவில் தங்கச்சி சொன்ன 'விழித்தாவல்' அப்படியே இருக்கட்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கண்ணைத் திருப்பிய இடத்தில் நிறுத்தி வைக்கும் மூளை நரம்பமைப்பான நியூரல் இன்டகிரேட்டருக்கு நம் பட்டியலில் 'நரம்புத் தொகையீட்டகம்' என்று வந்திருக்கிறது. கணக்கு சரி, வேகச் சேதியைத் தொகுத்து இடச் சேதியாக மாற்றுவதுதான் அது செய்வது. ஆனால் மாணவனுக்குப் புரிய வேண்டியது அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது: பக்கவாட்டில் திருப்பிய கண் அங்கே நிற்காமல் நடுவுக்கு நழுவி வந்துவிடும். அதனால் 'நிலைதாங்கி' என்கிறேன். சாலையோரச் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும். பிறந்த குழந்தைக்கே செவிவழி ஈடு இருக்கிறது. ஆனால் கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரே மெல்ல நகர்த்தினால் முதல் மாதத்தில் கண் பெரும்பாலும் சின்னச் சின்னத் தாவலாகத்தான் பின்னால் வரும், வழுக்கினாற்போலத் தொடர்வது இரண்டு மூன்று மாதத்தில் படிகிறது. இந்தத் தொடர்தலை ஈட்டின் கீழ் அடக்கக் கூடாது. தலை அசைவதற்கு ஈடுகட்டுவது ஒன்று, நகரும் பொருளை விடாமல் பிடித்துப் போவது இன்னொன்று. 'பின்தொடர் நோக்கு' என்று தனியாகவே வைக்கலாம்.

அனிச்சை என்ற சொல்லில் இன்னொரு தடையும் இருக்கிறது. அது மாறாத செயல் என்று எண்ண வைக்கும், இதுவோ வாழ்நாள் முழுக்கத் திருத்தப்படுவது. பவர் கூடிய புதுக் கண்ணாடி போட்ட அன்று தலையைத் திருப்பினால் தரை மிதக்கிற மாதிரி இருக்கிறதல்லவா, சில நாளில் அது போய்விடும். படம் எவ்வளவு வழுக்குகிறது என்று பார்த்துச் சிறுமூளை ஈட்டின் அளவைக் கூட்டியும் குறைத்தும் வைக்கிறது. அந்த அளவுக்கு, அதாவது கெயினுக்கு, 'ஈட்டளவு' என்று போடலாமா? அண்ணாச்சி இதற்கும் 'விழியீடு'க்கும் சேர்த்துப் பதில் எழுதினால் இந்த வாரமே பட்டியலில் ஏற்றிவிடலாம்.